நட்சத்திரமாக வைத்தது வட்டமாக வந்துவிட்டதா? கிறிஸ்துமஸ் சுகர் குக்கீஸ் ஸ்பெஷல்!

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், பேக்கிங் பொருள்கள் விற்கும் கடைகளில் குக்கீ கட்டர் டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம், மணி, கலைமான், பனிமனிதன் என்று ஐந்தாறு வடிவங்கள் ஒரே செட்டில் இருக்கும். குழந்தை கை நீட்டும், அம்மாவோ அப்பாவோ வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்து, மாவு பிசைந்து, அழகாக வெட்டி ஓவனுக்குள் வைத்து, பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் காணாமல்போயிருக்கும். மரம் எது, மணி எது என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும்.

'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று கட்டர் செட் பரணுக்குப் போகும். பழி பாதி ஓவன் மீது, மீதி செய்தவரின் கைப்பக்குவத்தின் மீது. உண்மையில் இரண்டின் மீதும் குற்றமில்லை. இந்த குக்கீயின் வடிவம் ஓவனில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே ஃப்ரிட்ஜில் முடிவாகிவிடுகிறது.

வெண்ணெய் எப்போது உருகுகிறது?

சுகர் குக்கீயில் இருப்பவை மைதா, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் முட்டை அல்லது பால். அவ்வளவுதான். இதில் வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பது மைதா. கலைப்பது வெண்ணெய். சுமார் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் வெண்ணெய் முழுவதும் உருகிவிடும். ஓவனுக்குள் குக்கீயின் ஓரம் வெந்து இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடினால், மாவையும் இழுத்துக்கொண்டு பரவும். முனைகள் மழுங்குவது இதனால்தான். மாவு எவ்வளவு குளிர்ந்த நிலையில் ஓவனுக்குள் போகிறதோ, அவ்வளவு தாமதமாக வெண்ணெய் உருகும். அந்த இடைவெளியில் ஓரம் இறுகிவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். 'ரூம் டெம்பரேச்சரில் இருக்கும் வெண்ணெய்' என்று அவர்கள் சொல்வது சுமார் 20 டிகிரி அறையை மனதில் வைத்து. அங்கே வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளக்காது. சென்னை, தூத்துக்குடி அடுப்படியில் டிசம்பரிலும் 30 டிகிரியைத் தொடும். இங்கே ஒரு மணி நேரம் வெளியே வைத்த வெண்ணெய் பாதி நெய்யாகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, 10 நிமிடம் வெளியே வைத்தாலே நமக்குப் போதும்.

230 வருடத்துக்கு முந்தைய குறிப்பு

'குக்கீ' என்ற சொல், டச்சு மொழியில் சின்ன கேக் என்று பொருள்படும் 'கூக்யே' என்பதிலிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது சொல்லும் பண்டமும் அங்கே ஊன்றின. 1796-ம் ஆண்டு அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் எழுதி அமெரிக்காவில் வெளியான 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் புத்தகத்திலேயே கிறிஸ்துமஸ் குக்கீக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. விரும்பிய வடிவத்தில் வெட்டியோ அச்சு வைத்தோ செய்யலாம் என்கிறார்.

நம் வீட்டுச் சமையலறைக்கு அதில் இரண்டு சுவாரஸ்யங்கள் உண்டு. ஒன்று, அந்த குக்கீயில் வாசனைக்குச் சேர்ப்பது வெனிலா அல்ல, நன்றாகப் பொடித்த மல்லிவிதை! இரண்டு, மூன்று பவுண்டு மாவுக்கு ஒரு பவுண்டு வெண்ணெய்தான் சேர்க்கச் சொல்கிறார். வெண்ணெய் குறைவு, அதனால் வடிவம் கலையாது. ஆனால் சாப்பிடக் கடினமாக இருக்கும். மண்பானையில் போட்டு ஆறு மாதம் வைத்தால் மென்மையாகிவிடும் என்று அவரே யோசனையும் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் காத்திருக்க நம் வீட்டுக் குழந்தைகள் தயாராக இல்லை என்பதால், இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெண்ணெய் என்ற இன்றைய கணக்குக்கே வருவோம்.

தேவையானவை

மைதா - 250 கிராம்
உப்பு சேர்க்காத வெண்ணெய் - 125 கிராம்
பொடித்த சர்க்கரை - 100 கிராம்
முட்டை - ஒன்று (முட்டை வேண்டாம் என்பவர்கள் 2 முதல் 3 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால் சேர்க்கலாம்)
வெனிலா எசன்ஸ் - ஒரு டீஸ்பூன்
உப்பு - ஒரு சிட்டிகை

இந்த அளவில், நடுத்தர சைஸ் கட்டரால் வெட்டினால் 25 முதல் 30 குக்கீகள் வரும். பேக்கிங் பவுடர் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறந்துபோய் விடப்பட்டது அல்ல. அது மாவை உப்பவைத்து, கூர்மையான முனைகளை உருண்டையாக்கிவிடும். வடிவ குக்கீக்கு அது தேவையில்லை.

வீட்டில் உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தனியாக உப்பு சேர்க்காமல் விட்டால் போதும்.

செய்முறை

வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் ஒன்றாகக் கலக்கவும். கேக்குக்கு அடிப்பதுபோல நுரைக்க நுரைக்க அடிக்கக் கூடாது. அப்படி அடித்தால் காற்று உள்ளே போய், ஓவனில் மாவு உப்பிப் பிறகு அமுங்கும். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் கலந்தால் போதும், நிறுத்திவிடலாம். இதில் முட்டையையும் எசன்ஸையும் சேர்த்துக் கலந்து, மைதாவையும் உப்பையும் சலித்துச் சேர்க்கவும். சப்பாத்தி மாவுபோல அழுத்திப் பிசைய வேண்டாம். பிசையப் பிசைய மாவு இழுவையாகி, வெட்டியபின் சுருங்கும். விரல் நுனிகளால் ஒன்று சேர்த்தாலே உருண்டு வரும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான இடம். பலரும் மாவை உருண்டையாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கல்லாக இறுகியதை எடுத்துத் தேய்க்கப் போராடுவார்கள். தேய்த்து முடிப்பதற்குள் அது மறுபடி இளகியிருக்கும். வரிசையை மாற்றுங்கள். மாவு மென்மையாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, பூரிக்கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அந்தத் தகட்டை அப்படியே தட்டில் வைத்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். மேலே தூவ மாவும் தேவைப்படாது.

பிறகு கட்டரை மைதாவில் தொட்டு வெட்டவும். வெட்டிய வடிவத்தைக் கையால் தூக்கினால் நீண்டு கோணலாகும். அதற்குப் பதில் சுற்றியிருக்கும் தேவையற்ற மாவை எடுத்துவிட்டு, வடிவங்களை பேப்பரோடு டிரேக்கு மாற்றவும். டிரேயை ஃப்ரீசரில் 15 நிமிடம் வைக்கவும். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவசரத்தில் பலர் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஓவனை 175 டிகிரிக்கு முன்பே சூடுபடுத்தி வைத்திருக்க வேண்டும். டிரே ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குப் போகட்டும். 10 முதல் 12 நிமிடத்தில் ஓரங்கள் லேசாகப் பொன்னிறத்துக்கு மாறத் தொடங்கும். நடுப்பகுதி வெளுப்பாகவும் தொட்டால் மிருதுவாகவும் இருக்கும்போதே எடுத்துவிடலாம். ஆற ஆற அது இறுகும்.

சின்ன விஷயம், பெரிய வித்தியாசம்

ஒரே டிரேயில் ஒரே அளவு வடிவங்களை வையுங்கள். குட்டி நட்சத்திரமும் பெரிய பனிமனிதனும் ஒன்றாகப் போனால், பனிமனிதன் வேகும் முன் நட்சத்திரம் கருகிவிடும். இரண்டாவது ஈடு வைக்கும்போது டிரே சூடாக இருந்தால் அதன் மீதே வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். குழாய் நீரில் காட்டித் துடைத்துவிட்டு வையுங்கள். கலைமானின் கால்கள் மெலிதாக இருப்பதால் எளிதில் உடையும். முதன்முறை செய்பவர்களுக்கு நட்சத்திரம், மரம், மணி ஆகியவையே கைகொடுக்கும்.

கட்டர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. டம்ளரின் வாயால் வட்டம் வெட்டி கிறிஸ்துமஸ் மர உருண்டைகளாக அலங்கரிக்கலாம். அட்டையில் வரைந்து வெட்டி, அதை மாவின் மீது வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டலாம். தீபாவளிக்குப் பிறகு டப்பாவில் தூங்கும் சோமாசிக் கரண்டியால் நெளிநெளியாக முக்கோணம் வெட்டினால் அழகான மரம் ரெடி.

ஓவன் இல்லாத வீடுகளில், கனமான கடாயில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம். பிறகு குக்கீ அடுக்கிய தட்டை உள்ளே வைத்து மூடி, தீயைக் குறைத்து 15 நிமிடத்துக்குப் பிறகு திறந்து பார்க்கவும். அடிப்பக்கம் சீக்கிரம் சிவக்கும் என்பதால் கண் வைத்திருக்க வேண்டும்.

ஐஸிங்: கோலம் போடத் தெரிந்தால் போதும்!

மார்கழியில் வாசலில் கலர் கோலம் போடும்போது முதலில் வெள்ளைக் கோடு, பிறகு உள்ளே வண்ணம். குக்கீ அலங்காரமும் அதேதான். ஓரம் கட்ட கெட்டியான ஐஸிங், உள்ளே நிரப்ப இளகிய ஐஸிங்.

எளிய ஐஸிங்குக்கு 200 கிராம் பொடித்த சர்க்கரையில் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும், இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்க்கவும். தண்ணீரைத் துளித்துளியாகவே விட வேண்டும். அரை ஸ்பூன் கூடினாலும் வழிந்தோடும். கல்போல இறுகும் ராயல் ஐஸிங் வேண்டுமென்றால், இதே சர்க்கரையுடன் ஒரு டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடரைச் சேர்த்து அடிக்கலாம். அது முட்டை வெள்ளையிலிருந்து செய்வது என்பதால் சைவ வீடுகளுக்கு முதல் வகையே சரி. பச்சை முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் பழைய முறையைத் தவிர்ப்பது நல்லது. அதில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. ஐஸிங்கை வேகவைப்பதில்லை என்பதால் கிருமி சாவதற்கும் வழியில்லை.

பதம் பார்ப்பது எளிது. கிண்ணத்தில் இருக்கும் ஐஸிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு அப்படியே நின்றால் ஓரம் கட்டலாம். 10 முதல் 15 விநாடியில் மறைந்தால் உள்ளே நிரப்பலாம். உடனே மறைந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்க்கவும். மருதாணி கோன் சுற்றுவதுபோல பட்டர் பேப்பரைச் சுற்றி, நுனியில் ஊசி முனையளவு வெட்டினால் கோன் தயார். குக்கீ முழுவதும் ஆறிய பிறகே ஐஸிங்கைத் தொட வேண்டும். சூட்டில் வைத்தால் வழிந்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றில் ஐஸிங் காய ஓர் இரவு ஆகும். ஃபேன் காற்றில் தட்டில் பரப்பி வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பளபளப்பு வாங்கும் முன்...

இந்த குக்கீகளை அலங்கரிப்பதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் குழந்தைகள். அதனால் மேலே போடும் பொருளில்தான் அதிக கவனம் வேண்டும்.

மினுமினுக்கும் 'லஸ்டர் டஸ்ட்' பொடிகளின் டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' என்று எழுதியிருந்தால், சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அலங்காரத்துக்கு மட்டும், உண்பதற்கு அல்ல என்ற வகைப் பொடிகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, 2021-ல் இது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2018-ல் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டது. கேக்கின் மேலிருந்த பொன்னிறப் பொடியில் தாமிரம் அதிக அளவில் இருந்தது. 2019-ல் மிசூரியில், இத்தகைய பொடி பூசிய கேக்கால் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியது. இரண்டு வீடுகளிலும் நடந்தது கொண்டாட்டம்தான். 'எடிபிள்' என்ற சொல்லும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண்ணும் லேபிளில் இல்லாவிட்டால், அந்த டப்பாவை வாங்காமல் வருவதே நல்லது.

நிறமிகளுக்கும் இதே விதி. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கும். லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் கலர்ப்பொடி எதுவானாலும் ஒதுக்கிவிடலாம்.

வீட்டிலேயே வண்ணம் இருக்கிறது. ஐஸிங்குக்கு விடும் தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்தால் மஞ்சள், கோகோ பவுடருக்குப் பழுப்பு. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். ஐஸிங் செய்யும் முன் குழந்தைகளுக்கு இதை ஒரு மேஜிக் ஷோவாகக் காட்டலாம். கடை நிறம்போல அடர்த்தியாக இருக்காது, இரண்டு மூன்று நாளில் வெளிறும். பண்டிகை முடிவதற்குள் தீர்ந்துவிடும் பண்டத்துக்கு அது போதும்.

இன்னொன்று, பிசைந்த மாவைக் குழந்தைகள் வழித்துச் சாப்பிடக் கூடாது. பச்சை முட்டை மட்டுமல்ல, பச்சை மைதாவும் காரணம். 2016-ல் அமெரிக்காவில் வேகாத மாவு வழியாக ஈ.கோலை தொற்று பரவி, பெருமளவு மாவு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. முட்டை சேர்க்காத மாவுக்கும் இது பொருந்தும்.

எத்தனை சாப்பிடலாம்?

மேலே சொன்ன அளவில் 30 குக்கீ செய்தால், ஐஸிங் இல்லாத ஒன்றில் சுமார் 3 கிராம் சர்க்கரை இருக்கும். 200 கிராம் சர்க்கரையில் செய்த ஐஸிங்கை எல்லாவற்றுக்கும் பூசினால், ஒன்றுக்கு 10 கிராம் ஆகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நாளில் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதி குக்கீகளை வெறுமனே விடுங்கள். மீதிக்கு முழுவதும் பூசாமல் ஓரக்கோடும் புள்ளியும் மட்டும் வையுங்கள். அழகும் குறையாது, தாத்தா பாட்டிக்கும் ஒன்று எடுக்கத் தயக்கம் இருக்காது.

நான்கு மாலைகள் போதும்

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் கடைசியில் சமையலறையில் சண்டைதான் மிஞ்சும். வேலைக்குப் போகிறவர்கள் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். டிசம்பர் 20 மாலை மாவு பிசைந்து, தேய்த்து, ஃப்ரிட்ஜில் வைக்கவும். இரண்டு மூன்று நாள் வரை அது தாங்கும். 21 அன்று வெட்டிச் சுடவும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் மொறுமொறுப்பு போகாது. 22 மாலை குழந்தைகளோடு அலங்காரம். 23 முழுவதும் காயட்டும், மாலையில் டப்பாக்களில் அடுக்கலாம். 24 அன்று கேக், பிரியாணி வேலைக்கு அடுப்படி காலியாக இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து, பல ஊர்களில் அச்சுமுறுக்கு, கலகலா என்று கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ மாவை அழுத்திக் கலகலா சுருட்ட வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். எண்ணெய்ச் சட்டி இல்லாததால், அந்த வட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தையையும் தைரியமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் சுகர் குக்கீயின் வசதி. அது போடும் ஐஸிங் கோணலாகத்தான் இருக்கும். திருத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பண்டிகைப் பலகாரம் நம் வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, அலுவலகம் என்று போகும். தீபாவளிக்கு முறுக்கு தந்தவர்களும், ரம்ஜானுக்கு பிரியாணி தந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். டப்பாவின் மீது ஒரு சிறு துண்டுக் காகிதம் ஒட்டி, 'முட்டை சேர்த்தது' அல்லது 'முட்டை சேர்க்காதது' என்று எழுதிவிடுங்கள். பாதாம், முந்திரி தூவியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வாங்குபவர் கேட்கக் கூச்சப்பட்டு, வாங்கி ஓரமாக வைத்துவிடும் டப்பாக்கள் எத்தனையோ. எழுதியிருந்தால் வாசலிலேயே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள்.